பச்சைத் தடம்

பிரிட்டனில் மவுண்டன் பைக் பாதைகளுக்கு நிறம் உண்டு. பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். பனிச்சறுக்குச் சரிவுகளிலிருந்து கடன் வாங்கிய முறை. பாதை தொடங்குமிடத்தில் ஒரு பலகை நிற்கும். கறுப்புக்கு எதிரே எச்சரிக்கைகள் வரிசைகட்டும். பச்சைக்கு எதிரே, புதியவர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஏற்றது என்பதுபோல ஒரு வரி. அவ்வளவுதான்.

பாதுகாப்பு ஏற்பாடு என்ற அளவில் இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. தெரியாமல் கறுப்புப் பாதையில் இறங்கினால் எலும்பு உடையும். ஆனால் தரவரிசை என்ற ஒன்று வந்துவிட்டால் அது தன் வேலையோடு நிற்பதில்லை. எச்சரிக்கைப் பலகை மெல்ல மெல்ல மதிப்பெண் பட்டியலாகிவிடுகிறது. 'இங்கே பயமில்லாமல் ஓட்டலாம்' என்று சொல்ல வந்த பச்சை, 'இதைச் சீக்கிரம் தாண்டிப் போ' என்று சொல்ல ஆரம்பிக்கிறது. ஆற்றங்கரையிலும் காட்டுக்குள்ளும் அலட்டாமல் போகும் ஒரு பாதை இப்படித்தான் அரிச்சுவடியாகிறது. எல்லோரும் அதில் தொடங்கியிருப்பார்கள். யாரும் அதைப் பற்றி எழுதமாட்டார்கள்.

வேலை நிமித்தமாக இரண்டு வருடம் பிரிஸ்டலில் இருந்தேன். எங்கள் பாஷையில் ஆன்சைட். அந்த இரண்டு வருடத்தின் வார இறுதிகளில் பெரும்பகுதி, செவர்ன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், டீன் காட்டிலும் வை நதிக்கரையிலும் பச்சைப் பாதைகளில் கழிந்தது. (வை என்றுதான் பெயர். 'ஏன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் அதே உச்சரிப்பு.) திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கிரேடு?" பச்சை என்றால் ஒரு தலையசைப்பு, பேச்சு முடிந்தது. அந்தத் தலையசைப்புக்குள் ஓர் அழகியல் கொள்கையே இருப்பதாக எனக்குத் தோன்றும். அதைப் பிரித்துப்போட்டுப் பார்க்கலாம்.

*

ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் ஆன் தி பம்மல்' 1900இல் வந்தது. மூன்று நண்பர்கள் ஜெர்மனியின் கருங்காட்டுப் பக்கம் சைக்கிளில் சுற்றிவரும் நகைச்சுவை நாவல். அதில் சைக்கிள் விளம்பரப் படங்களைக் கிண்டலடிக்கும் ஒரு பகுதி உண்டு. விளம்பரப் படத்தில் இருப்பவர் உழைப்பதே இல்லை என்பது ஜெரோமின் புகார். மேடு அவரைத் தொடுவதில்லை, வியர்வை வருவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறார், வண்டி தானாகப் போகிறது. நோகாமல் நொங்கு தின்னலாம் என்று சொல்லி சைக்கிளை விற்ற காலம் அது.

நூற்றிருபது வருடத்தில் அந்தப் பொய் அப்படியே தலைகீழாகிவிட்டது. இன்றைய மவுண்டன் பைக் விளம்பரத்தில் யாரும் உட்காருவதே இல்லை. சேறு தெறிக்கிறது, பாறை வருகிறது, சக்கரம் அந்தரத்தில் சுழல்கிறது. அன்று உழைப்பை மறைத்தார்கள், இன்று உழைப்பையும் ஆபத்தையும் தவிர எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். இத்தனைக்கும் மவுண்டன் பைக் என்று விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை மலையைக் கண்ணால் பார்ப்பதில்லை. நம்ம ஊரில் 'கியர் சைக்கிள்' கேட்டு அடம்பிடிக்கும் எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கிடைக்கும் தடித்த டயர் வண்டி ட்யூஷனுக்குத்தான் போகிறது. வண்டியின் கூடவே மலை பற்றிய ஒரு கனவும் சேர்த்து விற்கப்படுகிறது.

கனவின் தொடக்கக் கதையும் இறக்கத்தில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், 1976 அக்டோபரில், பழைய ஷ்வின் சைக்கிள்களோடு ஒரு கூட்டம் செங்குத்தான மண்பாதையில் பந்தயம் விட்டது. இறங்கி முடிக்கும்போது பின்சக்கரத்தின் பிரேக்கில் இருந்த கிரீஸ் எரிந்து ஆவியாகியிருக்கும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி என்று இந்த விளையாட்டின் மூதாதையர் எல்லோரும் அந்த இறக்கத்திலிருந்து வருகிறவர்கள்.

இன்னொரு வம்சமும் உண்டு. அதைவிட இருபது வருடம் மூத்தது. 1955இல் இங்கிலாந்தின் லெம்ஸ்டர் என்ற சிறுநகரில் 'ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்' என்ற சங்கம் கூடியது. சாதாரண சைக்கிளோடு கரடுமுரடான பாதைகளில் சுற்றுகிறவர்களின் சங்கம். ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டுவார்கள், முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், நடுவில் அடுப்பு பற்றவைத்துத் தேநீர் போடுவார்கள். அவர்கள் போனதும் மலைக்குத்தான். ஆனால் யார் முதலில் இறங்கினார் என்ற கேள்வி அவர்களிடம் இல்லை. வரலாறு ரீபேக்கைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டது. ஒரு வகைமைக்கு எந்தத் தாத்தாவைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த ஜாடைதான் பேரப்பிள்ளைகளில் தேடப்படும்.

*

கோடிக்கணக்கானோர் பார்த்த 'தி ரிட்ஜ்' (2014) என்ற குறும்படத்தை எடுத்துக்கொள்வோம். டேனி மெகாஸ்கில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பிறந்தவர். அதே தீவின் கூலின் மலைமுகட்டில் சைக்கிளோடு ஏறுகிறார். இருபுறமும் பாதாளம். நல்ல படம், அதில் சந்தேகமில்லை. சொந்த ஊரின் மலையை இவ்வளவு பிரியமாகக் காட்டியவர்கள் குறைவு. யூட்டா பாலைவனத்தில் 2001இல் தொடங்கிய ரெட் புல் ரேம்பேஜ் போட்டியின் காணொளிகளில் இருக்கும் இரைச்சல் இதில் கிடையாது.

ஆனால் படத்தில் ஓரிடம் உண்டு. புல்வெளிக்குக் குறுக்கே ஒரு முள்கம்பி வேலி வருகிறது. மெகாஸ்கில் சைக்கிளோடு முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து அதைத் தாண்டிவிடுகிறார். பார்க்கிறவர்களுக்கு மூச்சு நிற்கும். எனக்கும் முதல் முறை நின்றது. நாலாவது முறை பார்க்கும்போது வேலியைக் கவனித்தேன். அதை யார் போட்டது? எந்தப் பக்கம் யாருடையது? படத்துக்கு அது தேவையில்லை. வேலி அங்கே ஒரு தாண்டுபொருள், சர்க்கஸில் நெருப்பு வளையம் மாதிரி. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நுழையும் உரிமையைத் தந்திருக்கிறது. வேலி அங்கே கொஞ்சம் பல் பிடுங்கப்பட்ட வேலி. தெற்கே, நான் ஓட்டிய காட்டில், வேலியின் கதை வேறு. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. தலைக்கவசத்தில் மாட்டும் அகலக்கோணக் கேமராக்கள் சரிவைத் தட்டையாக்கிக் காட்டும். நேரில் வயிற்றைக் கலக்கும் இறக்கம் திரையில் சாதாரண மண்ரோடு மாதிரி தெரியும். அதனால் செங்குத்தைத் திரையில் நிரூபிக்க இன்னும் செங்குத்து தேவைப்படுகிறது, ட்ரோன் தேவைப்படுகிறது, விழுந்து எழுவது தேவைப்படுகிறது. செங்குத்துக்கே இந்தக் கதி என்றால் ஆற்றங்கரைப் பாதையை என்ன செய்ய? அதில் நடப்பதெல்லாம் காலத்தில் நடக்கிறது. ஒரு வளைவு, இருபது நிமிடம் கழித்து இன்னொரு வளைவு, நடுவே ஈரம் மாறுகிறது, வாசனை மாறுகிறது. வெட்டி ஒட்டினால் ஒன்றும் மிஞ்சாது. எதைப் படம்பிடிக்க முடிகிறதோ அதுவே ஒரு கலையின் உச்சம் என்று ஆகிவிட்டால், படம்பிடிக்க முடியாதது தானாகவே அரிச்சுவடி ஆகிவிடும்.

*

இந்த ரசனை நேற்று வந்ததல்ல. எட்மண்ட் பர்க் 1757இல் எழுதிய அழகியல் நூலில் இரண்டு பெட்டிகள் வைத்தார். ஒன்று பேருன்னதம்: பிரம்மாண்டம், இருள், பயம், கரடுமுரடு. இன்னொன்று அழகு: சின்னது, வழவழப்பானது, மெதுவாக வளைவது. பேருன்னதத்தின் முன்னால் மனம் அந்த ஒரே பொருளால் நிரம்பிவிடுகிறது, வேறெதற்கும் இடமில்லை என்கிறார் பர்க். கறுப்புப் பாதையில் இறங்கிய யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். முன்னால் இருக்கும் இரண்டு மீட்டர் பாறையைத் தவிர உலகமே இருக்காது. அந்த ஒருமுகம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், அழகுக்கு உதாரணம் தேடும்போது பர்க் ஓவியத்துக்கோ சிலைக்கோ மட்டும் போகவில்லை. சுகமான ஒரு வண்டியில், வழுவழுப்பான புல்தரையில், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் நிலத்தின் மீது வேகமாக இழுத்துச் செல்லப்படும் அனுபவத்தைச் சொல்கிறார். அழகு என்றால் என்ன என்பதை வேறெதையும்விட அது நன்றாக விளக்கும் என்பது அவர் கருத்து. சைக்கிள் பிறப்பதற்கு அறுபது வருடம் முன்னால், பச்சைப் பாதைக்கு எழுதப்பட்ட மிகச் சிறந்த மதிப்புரை இதுதான் என்பேன். வண்டியை இழுக்கும் குதிரைக்குப் பதில் நம் கால்.

ஆனால் பர்க்கின் இரண்டு பெட்டிகளும் சமமாக இருக்கவில்லை. உன்னதம் ஆண்மைக்கும் வீரத்துக்கும் போனது. அழகு மென்மைக்கும் பெண்மைக்கும் என்று பர்க்கே ஓரம்கட்டினார். மவுண்டன் பைக் பலகையின் நிறவரிசையில் அந்தப் பாரபட்சம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நமக்கு இது புரியாத விஷயமல்ல. நம் திணைக் கோட்பாட்டில் குறிஞ்சி மருதத்தைவிட உயர்ந்த கிரேடு கிடையாது. மலைக்கு ஓர் உணர்ச்சி, வயலுக்கு ஓர் உணர்ச்சி. மருதத்தில் பாடியவனை 'சீக்கிரம் குறிஞ்சிக்கு வந்துவிடு' என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சிற்றிதழ் மரபில் வளர்ந்த நவீன வாசகர்களாகிய நாம் பர்க்கின் பக்கம்தான் நிற்கிறோம். வாசகனைத் திணறடிக்கும் நாவல் சிவப்பு, கறுப்பு. சுலபமாகப் படிக்க முடிவது பச்சை. எளிதில் நுழைய முடிவதற்கும் மேலோட்டமாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நாமும்தான் தொலைத்திருக்கிறோம்.

*

டீன் காட்டின் பச்சைப் பாதை ஏன் எளிதாக இருக்கிறது என்று ஒரு பொறியாளனாக யோசித்தால் விடை சுலபம். அது ரயில் போன பாதை. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் பிடிமானம் குறைவு. நூறு அடிக்கு இரண்டு மூன்று அடி உயர்ந்தாலே நீராவி எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, திருப்பங்களை அகலமாக்கி நிலத்தையே சமாதானப்படுத்தியிருக்கிறார்கள். நாம் இன்று பெடலை அழுத்தாமல் நழுவும் ஒவ்வொரு சரிவும் யாரோ மண்வெட்டியால் வெட்டியது. நிலக்கரி வண்டிகள் அதில் செவர்ன் கரை வரை போயின. முதலில் குதிரை இழுத்த டிராம், பிறகு எஞ்சின். டீனின் கடைசிப் பெரிய சுரங்கம் 1965 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்த தடத்தில் பிற்பாடு சைக்கிள் வந்தது.

இந்தக் காட்டுக்கு ஒரு விநோதமான உரிமை உண்டு. செயின்ட் பிரியாவல்ஸ் வட்டாரத்தில் பிறந்து, 21 வயதைத் தாண்டி, அங்கே ஒரு சுரங்கத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் வேலை பார்த்தவர் 'ஃப்ரீமைனர்'. அவர் காட்டில் தனக்கென்று நிலக்கரி தோண்ட உரிமை கோரலாம். 1838ஆம் வருடச் சட்டம் இதை எழுத்தில் உறுதிசெய்தது. இன்றும் ஒரு சில சிறு சுரங்கங்கள் அப்படி இயங்குகின்றன. பச்சைப் பாதையின் ஓரமாகப் போகும்போது மரங்களுக்கு நடுவே நிலம் திடீரென்று குழிந்தும் புடைத்தும் இருப்பது அந்தத் தோண்டல்களின் தழும்பு.

இப்போது வேலி. 1808இல் நாடாளுமன்றம் டீனில் 11,000 ஏக்கரை வேலியடைக்கச் சட்டம் போட்டது. கடற்படைக் கப்பல்களுக்கு ஓக் மரம் வேண்டும். அதுவரை ஆடும் பன்றியும் மேய்த்த, விறகு பொறுக்கிய சனங்கள் வெளியே நின்றார்கள். இருபது வருடம் கழிந்தது. மரங்கள்தான் வளர்ந்துவிட்டனவே, இனி ஆடு கடித்து என்ன ஆகிவிடும், திறந்துவிடுங்கள் என்று கேட்டார்கள். திறக்கவில்லை. 1831 ஜூனில் வாரன் ஜேம்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளியின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் வேலிகளைப் பெயர்த்துப் போட்டார்கள். ராணுவம் வந்தது. ஜேம்ஸுக்கு மரண தண்டனை விதித்து, பிறகு அதை நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டார். 1836இல் மன்னிப்புக் கிடைத்தும் ஊர் திரும்பவில்லை, 1841இல் அங்கேயே இறந்தார். அந்த ஓக் மரங்கள் முதிர்ந்து வெட்டத் தயாரானபோது கப்பல்கள் இரும்பால் செய்யப்பட்டன.

2010இல் பிரிட்டிஷ் அரசு பொதுக் காடுகளை விற்கும் யோசனையோடு வந்தபோது முதலில் கொதித்த ஊர்களில் டீனும் ஒன்று. 2011 ஜனவரியில் காட்டுக்குள் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பிப்ரவரியில் அரசு பின்வாங்கியது. இன்று ஒரு குழந்தை பக்கச்சக்கரம் வைத்த சைக்கிளில் அந்த ஓக் மரங்களுக்கு நடுவே போகிறது என்றால் அதற்கு இத்தனை பின்கதை. வேலியைக் குட்டிக்கரணம் அடித்துத் தாண்டுவது ஒருவரால் முடியும். வேலியே இல்லாமல் செய்தால் எல்லோரும் போகலாம். இரண்டில் எது பெரிய சாகசம் என்று கேட்டால் என் பதில் தெளிவு.

எல்லோரும் என்று சொல்வதும் முழு உண்மையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாதை உரிமைகள் நுணுக்கமாகப் பிரிக்கப்பட்டவை. 'ஃபுட்பாத்' நடப்பவருக்கு மட்டும். 'பிரிடில்வே' நடப்பவருக்கும் குதிரைக்கும். அதில் சைக்கிளும் போகலாம் என்ற உரிமை 1968ஆம் வருடக் கிராமப்புறச் சட்டத்தில்தான் வந்தது. அதுவும் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இங்கிலாந்தின் பொதுவழிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில்தான் சைக்கிளுக்கு உரிமை. ஆற்றின் இந்தக் கரையில் சக்கரம் உருளலாம், எதிர்க்கரையில் கூடாது. கிரேடு பலகை இதையெல்லாம் பேசாது. உன் திறமை என்ன என்று மட்டும் கேட்கும்.

இந்தச் சட்டத்தின் நிபந்தனையைத்தான் பச்சைப் பாதையின் இலக்கணம் என்று நினைக்கிறேன். வழிவிடுதல். குதிரைக்குப் பின்னால் போய் மணியடிக்கக் கூடாது, மிரண்டுவிடும். மனிதக் குரல் கொடுத்து, அகலமாக விலகி, மெதுவாகத் தாண்ட வேண்டும். நீளமான கயிற்றில் நாய், கைப்பிடியை விட்டுவிட்ட குழந்தை, கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டியில் வரும் முதியவர், பாதையோரப் புல்லை இரவில் உழுதுபோட்டுப் போன காட்டுப்பன்றியின் மண். ஒவ்வொன்றுக்கும் வேகம் மாற வேண்டும். நடை வேகத்தில் சாயாமல் ஓட்டிப்பாருங்கள், சைக்கிளில் அதைவிடக் கஷ்டமான விஷயம் குறைவு. 140 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் அதற்கு உதவாது. கறுப்புப் பாதையின் திறமை உன் உடம்பை நீ ஆள்வது. பச்சையின் திறமை உன் வேகத்தை மற்றவர்களுக்காக மாற்றிக்கொள்வது. முன்னதற்குப் பதக்கம் உண்டு. பின்னதற்கு ஒரு "தேங்க்ஸ்" கிடைக்கும், சில நேரம் அதுவும் இல்லை.

*

இத்துடன் முடித்தால் எளிய பாதைக்கு ஒரு பாராட்டு விழா நடத்தியதாக ஆகிவிடும். எளிமைக்கும் ஒரு பொய் உண்டு. அந்தப் பொய் பிறந்த ஊர்களில் முக்கியமானது இதே வை பள்ளத்தாக்கு.

வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1770இல் வை நதியில் படகில் போனார். 1782இல் அதைப் புத்தகமாக்கினார். நிலக்காட்சியை ஓர் ஓவியம் மாதிரி பார்க்கக் கற்றுத்தரும் கையேடு அது. 'பிக்சரஸ்க்' என்ற ரசனை அதிலிருந்து பரவியது. ராஸ் நகரத்திலிருந்து செப்ஸ்டோ வரை படகுச் சுற்றுலா ஃபேஷனானது. பிரிட்டனின் முதல் உள்நாட்டுச் சுற்றுலா மோகங்களில் ஒன்று. டின்டர்ன் மடாலயத்தின் இடிபாட்டைப் பார்த்த கில்பின், அதன் சுவர் முனைகள் கொஞ்சம் அதிக ஒழுங்காக இருக்கின்றன, ஒரு சுத்தியல் இருந்தால் தட்டிச் சரிசெய்யலாம் என்ற அளவுக்குப் போனார். அதே மடாலயத்தின் சிதிலங்களுக்குள் ஏழைகள் குடியிருந்தார்கள். ஒரு நோயுற்ற கிழவி துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய்த் தான் வாழும் ஈரக் குடிலைக் காட்டியதை கில்பினே எழுதியிருக்கிறார். அரை மைல் தள்ளி இரும்பு உலைகள் இரைந்துகொண்டிருந்ததையும் எழுதியிருக்கிறார். அவர் பார்க்காமல் இல்லை. பார்த்ததை வைக்க அவர் சட்டகத்தில் இடமில்லை.

வேர்ட்ஸ்வொர்த் 1798இல் அதே பள்ளத்தாக்கில் தன் புகழ்பெற்ற கவிதையை எழுதினார். 1986இல் மார்ஜரி லெவின்சன் என்ற விமர்சகர் அந்தக் கவிதையை எடுத்துவைத்து, இதில் உலைகளும் பிச்சைக்காரர்களும் எங்கே போனார்கள் என்று கேட்டார். பெரிய சண்டையானது. ஒரு கவிதை சொல்லாமல் விட்டதற்காக அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா என்று மறுத்தவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் சம்மதம். ஆனால் லெவின்சனின் கேள்வியை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனால் பள்ளத்தாக்கு வேறு மாதிரி தெரியும்.

மான்மத்திலிருந்து சைமண்ட்ஸ் யாட் வரை சுமார் 8 கிலோமீட்டர், பெரெக்ரின் பாதை. அங்குள்ள சுண்ணாம்புப் பாறைமுகத்தில் கூடுகட்டும் பொரி வல்லூறின் பெயர். இதுவும் ரயில் தடம்தான். 1873இல் திறந்து 1959இல் பயணிகளுக்கு மூடிய பாதை. ஏப்ரல், மே மாதங்களில் காட்டுப்பூண்டு பூத்து மொத்தக் கரையும் ரசம் தாளித்த சமையலறை மாதிரி மணக்கும். வலப்பக்கம் காடு, இடப்பக்கம் ஆறு. நடுவில் வனத்துறை 1957இல் கட்டிய பிப்ளின்ஸ் தொங்குபாலம். ஏறினால் ஆடும். கில்பின் பார்த்தால் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார்.

அந்த ஆற்றை 2023 மே மாதத்தில் இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு 'மோசமான நிலை, மேலும் சரிகிறது' என்ற வகைக்கு இறக்கியது. மறுபடியும் ஒரு கிரேடு. இந்த முறை ஆற்றுக்கு. வையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இரண்டு கோடிக்கு மேல் கோழிகள் வளர்க்கப்படுகின்றன. கோழி எரு வயலுக்குப் போகிறது, மிஞ்சும் பாஸ்பேட் மழையோடு ஆற்றுக்கு வருகிறது, சாக்கடைக் கழிவும் சேர்கிறது. வெயில் காலத்தில் பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகிறது. வெள்ளைப் பூ பூத்து நீரோட்டத்தில் கூந்தலாக அலையும் நீர்க்கொடிகளுக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை, அழிகின்றன. அவற்றை நம்பிய பூச்சியும் மீனும் பின்னாலேயே போகின்றன. ஒரு காலத்தில் சால்மன் மீனுக்குப் பேர்போன ஆறு இது.

ஒரு ஜூலை மாதம் அந்தக் கரையில் தண்ணீர் குடிக்க நின்றபோது பக்கத்தில் நின்ற குடும்பம் ஆற்றைப் படமெடுத்தது. என்ன ஒரு பச்சை என்று வியந்தார் அந்த அம்மா. படத்தில் அது நிச்சயம் அழகாகவே வந்திருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்தவர்களிடம் பாஸ்பேட் பாடம் நடத்துவது என் வேலையல்ல. ஆனால் அந்த ஒரு சொல்லில் கில்பினிலிருந்து இன்றுவரைக்குமான ரசனை முழுதும் இருந்தது. மென்மையான நிலத்தை மென்மையாக மட்டுமே பார்த்தால் நோயும் அழகாகத் தெரியும்.

பச்சைப் பாதையை உயர்த்திப் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கறுப்புப் பாதையில் போகிறவனுக்கு ஆற்றைப் பார்க்க நேரமில்லை, அது அவனுக்கு ஒரு சாக்கு. பச்சையில் போகிறவனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம், கைகள் தளர்ந்து, கண் சும்மா இருக்கிறது. அந்த ஓய்ந்த கண்ணை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எளிய பாதை ஆழமாவதும் வெறும் அஞ்சலட்டை ஆவதும் இருக்கிறது. எளிமை பாதையின் குணம். மேலோட்டம் பார்ப்பவரின் குணம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது அந்த நிறப்பலகை.

செப்ஸ்டோவுக்கும் டின்டர்னுக்கும் நடுவில் இன்னொரு பழைய ரயில் தடத்தை 2021இல் திறந்தார்கள். அதில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சுரங்கப்பாதை உண்டு. உள்ளே விளக்கு மங்கல், கோடையிலும் குளிர். குளிர்காலம் முழுக்க அதன் கதவைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே குதிரைலாட வௌவால்கள் தூங்குகின்றன. வெளியே தொங்கும் அறிவிப்பில் பச்சை, நீலம், சிவப்பு என்று எந்த நிறமும் கிடையாது. இது இப்போது உங்களுக்கான பாதை அல்ல, மேலே சாலை வழியாகப் போங்கள் என்கிறது. அந்தச் சாலை நல்ல ஏற்றம். நானும் தள்ளிக்கொண்டுதான் போனேன்.